வரிவடிவமும் பொருளும்: கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களும் கலைச்சொல் தேர்வும்

1. முன்னுரை

ஓவியக் கலை பற்றிய நூல்களைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளுள் இயக்கப் பெயர்களைத் தமிழில் சுட்டுவதும் ஒன்றாகும். சமய நம்பிக்கையிலும் சோதிட மரபிலும் ஊன்றி, இயற்கை கடந்த உருவங்களைத் தீட்டியோரைப் பற்றி எழுதுங்கால் இவ்விடர்ப்பாடு மிகுகிறது. கே.சி.எஸ். பணிக்கரின் (1911-1977) ஓவியங்களைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஒரு பெயர், இரு திசை

'சர்ரியலிசம்' என்பதன் மூலச்சொல்லை 1917இல் பிரெஞ்சுக் கவிஞர் அப்பொலினேர் ஆக்கினார். 1924இல் ஆந்த்ரே பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கை அதனை ஓர் இயக்கத்தின் பெயராக நிலைபெறச் செய்தது. தமிழில் இதற்கு ஒலிபெயர்ப்புடன் 'மீயதார்த்தம்', 'அடிமன வெளிப்பாட்டியம்' ஆகியனவும் வழங்குகின்றன. 'மீ' என்னும் முன்னொட்டு, 'மேல்' எனப் பொருள்படும் பிரெஞ்சு முன்னொட்டிற்கு நேரானது. ஆகவே முன்னது சொல்லமைப்பைப் பெயர்க்கிறது. பின்னது நனவிலி மனத்தின் தடையற்ற வெளிப்பாடு என்னும் கொள்கையைப் பெயர்க்கிறது. ஒன்று மேல்நோக்கியும் மற்றொன்று கீழ்நோக்கியும் சுட்டுகின்றன. உருவத்தின் ஊற்று ஓவியரின் அடிமனமா, அவர் சார்ந்த மரபா என்னும் வினா எழும் இடத்தில் இவ்வேறுபாடு சிறுமையுடையதன்று.

3. மரபின் உருவங்கள்

புணே மாவட்டத்து ரஞ்சன்காவ், அட்டவிநாயகத் தலங்கள் எட்டனுள் ஒன்று. அங்கு வழிபடப்பெறும் மகாகணபதியின் மூலவடிவம் பத்துத் துதிக்கைகளும் இருபது கரங்களும் உடையதாய் நிலவறையில் மறைந்துள்ளது என்பது மக்கள் நம்பிக்கை. இவ்வுருவம் இயற்கை கடந்தது. ஆயினும் தனியொருவர் கனவில் தோன்றியதன்று. பலர் அறிந்த நம்பிக்கையின்பாற்பட்டது. எனவே இயற்கை கடந்தமை ஒன்றே பற்றி ஓர் இந்திய ஓவியத்தைச் சர்ரியலிசம் எனல் பொருந்தாது.

4. பணிக்கரின் வரிவடிவங்கள்

கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், சென்னை அரசு கலைப் பள்ளியின் முதல்வராகப் பணியாற்றியவர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவர். 1963 முதல் அவர் தீட்டிய வரிசை 'சொற்களும் குறியீடுகளும்' எனத் தமிழில் பெயர்க்கத்தக்கது. சாதகக் கட்டங்களை ஒத்த வரைவுகள், தாந்திரிக மரபை நினைவூட்டும் குறிகள், மலையாள எழுத்தின் வளைவுகளைச் சாயலாகக் கொண்ட நெருக்கமான வரிகள் ஆகியன இவற்றில் நிறைந்துள்ளன. அவ்வரிகள் பெரும்பாலும் படித்துப் பொருள் கொள்ளத்தக்கன அல்ல.

ஈண்டு ஒரு முரண் தோன்றுகிறது. சொல் பொருளை உணர்த்த வேண்டும் என்பது தொல்காப்பியம் முதலாக வரும் இலக்கண நெறி. பணிக்கரின் 'சொற்கள்' பொருளை உணர்த்துவன அல்ல. ஏட்டுச் சுவடியையும் சாதகத்தையும் காணும் எழுத்தறியாதவர் உள்ளத்தில் எழும் மதிப்புணர்வையே அவை உணர்த்துகின்றன எனலாம். இவற்றை 'மந்திரம்' என்றோ 'சுலோகம்' என்றோ குறிக்கும் மொழிபெயர்ப்பாளர், ஓவியர் வழங்காத பொருளைத் தாமே வழங்கியவர் ஆவார்.

5. ஓர் ஒப்பீடு

அர்ஜென்டினாவின் ஷுல் சோலார் (1887-1963) சோதிடத்திலும் அகக்காட்சிகளிலும் தோய்ந்த ஓவியர். ஸ்பானிய, போர்த்துக்கேய மொழிக் கூறுகளைக் கலந்து 'நியோகிரியோலோ' என்னும் மொழியை ஆக்கினார். தம் பிற்கால ஓவியங்கள் சிலவற்றில் படித்தறியத்தக்க தொடர்களைப் புதிய வரிவடிவங்களில் அமைத்தார். அவரைப் பெயர்ப்போர் அவ்வரிகளைப் படித்தே ஆக வேண்டும். பணிக்கரைப் பெயர்ப்போர், படிக்க இயலாமையையே பெயர்க்க வேண்டும்.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. பிரெத்தோன் வழிவந்த இயக்கத்தைச் சுட்டுமிடத்து 'சர்ரியலிசம்' என்னும் ஒலிபெயர்ப்பே ஐயமற்றது. பண்பைச் சுட்டுமிடத்து 'மீயதார்த்தம்' ஏற்புடையது. 'கட்டம்', 'சக்கரம்', 'யந்திரம்' என மரபில் பெயர் உள்ளவற்றிற்குப் புதுச்சொல் வேண்டுவதில்லை. ஓவியத் தலைப்பில் 'சொற்கள்' நிற்க, விளக்கத்தில் 'வரிவடிவங்கள்' என்று எழுதுதல் நன்று. பொருள் இல்லாத இடத்தில் பொருளைப் புகுத்தாமையும் மொழிபெயர்ப்பாளரின் கடமையே.