உங்களுக்குத் தெரியுமா? பழைய அலுவலகக் கணினியில் மேக்ஓஎஸ்

அலுவலகங்களில் சில வருஷங்கள் உழைத்துக் கழிக்கப்பட்டு, பழுது நீக்கி மலிவாக விற்கப்படும் டெல் ஆப்டிபிளெக்ஸ் போன்ற மேசைக் கணினிகளில், ஆப்பிள் நிறுவனத்துக்கே உரிய மேக்ஓஎஸ் இயங்குதளத்தை நிறுவி உபயோகிப்போர் உலகெங்கும் உண்டு. அவ்வாறு அமைத்த கணினிக்கு ‘ஹேக்கின்டாஷ்’ என்று பெயர்.

2006-ஆம் ஆண்டு முதல் ஆப்பிளும் தன் மேக் கணினிகளில் இன்டெல் செயலிகளை உபயோகிக்கத் தலைப்பட்டமையால், இரு வகைக் கணினிகளின் ஹிருதயமும் ஒரே ஜாதியாயிற்று. பிற கணினிகளிலும் மேக்ஓஎஸ் இயங்குவது சாத்தியமானதற்கு அதுவே காரணம்.

ஆயினும் மேக்ஓஎஸ், தொடங்கும் தருணத்திலேயே, ஆப்பிள் கணினிகளில் மாத்திரம் உள்ள எஸ்எம்சி என்னும் சில்லினிடம் ரகசியச் சாவியொன்றைக் கேட்கும். ஆதலால், ஓப்பன்கோர் என்னும் தொடக்க நிரல் முந்திக்கொண்டு இயங்கி, அக்கணினி இன்ன மாதிரி மேக் என்று அறிவித்து, வர்ச்சுவல்எஸ்எம்சி என்னும் துணை நிரலை அச்சில்லின் ஸ்தானத்தில் நின்று விடையளிக்கச் செய்கிறது.

ஆப்பிளின் உரிம நிபந்தனையோ, தன் முத்திரை பெற்ற கணினிகளில் மாத்திரமே மேக்ஓஎஸ் நிறுவ அனுமதிக்கிறது. அதை மீறி இத்தகைய கணினிகளை விற்ற சைஸ்டார் நிறுவனத்துக்கு விரோதமாக 2009-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2025-இல் வெளிவந்த மேக்ஓஎஸ் டஹோவே இன்டெல் மேக்குகளுக்குரிய இறுதிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. ஆகவே, பழைய கணினிக்கு நீண்ட ஆயுளை விரும்புவோர், எவ்வித உரிமத் தடையுமில்லாத லினக்ஸை நிறுவிக்கொள்வதே உத்தமம்.