மலையில் நூறு மீற்றர்

பிள்ளைகள் நடக்கும் ரோட்டு – 6

நோர்வூட் டவுனில் பகல் ஒன்றரை மணிக்குப் பிறகு ரோட்டின் நிறமே மாறிவிடும். ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற அந்தத் தெரு முழுக்க வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கவுன். தோட்டத்துப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பார்கள், ஆட்டோவுக்கு நிற்பார்கள், சிலர் கூட்டாளிக்காகவும் நிற்பார்கள். மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க இருப்பது கடைத் தாழ்வாரம்தான். இந்தப் பக்கத்தில் மழை பிடிக்காத நாட்களைத்தான் எண்ண வேண்டும்.

தாழ்வாரத்தில் நிற்கிற பிள்ளையின் கண்ணுக்கு நேரே என்னென்ன இருக்கின்றன? டொபிப் போத்தல், பிஸ்கட், ஈரச் சாக்கில் சுற்றிய வெற்றிலை, பக்கத்தில் பாக்கும் சுண்ணாம்பும். மேசையோரம் வாய் திறந்த ஒரு சிகரட் பெட்டி. மேலிருந்து நூலில் கட்டித் தொங்கும் லைட்டர். அந்த லைட்டருக்கு அங்கே என்ன வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். பெட்டியாக வாங்குகிறவன் வீட்டிலே பற்றவைத்துக்கொள்வான். லைட்டர் தொங்குவது ஒன்றிரண்டு வாங்குகிறவர்களுக்காக.

இந்த ஒற்றைச் சிகரட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பெட்டியில் அழுகிய நுரையீரல், வாய்ப்புற்று என்று படம் போட இலங்கை நடத்திய போராட்டம் சிறியதல்ல. பெட்டியின் 80 சதவீதத்துக்குப் படம் வேண்டுமென்று 2012இல் ஒழுங்குவிதி வந்தது. சிலோன் டொபாக்கோ கம்பனி வழக்குக்குப் போனது. 2014இல் அளவு 50 முதல் 60 சதவீதமாகக் குறைந்தது. 2015இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி 80 சதவீதத்தை மீட்டெடுத்தது. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய படத்தை நோர்வூட்டில் ஒற்றைச் சிகரட் வாங்கும் பதினேழு வயதுப் பையன் கையில் எடுத்துப் பார்ப்பதே இல்லை. படம் கடைக்காரரிடம் தங்கிவிடுகிறது, வெறும் சிகரட் பையன் கைக்குப் போகிறது.

கடை எங்கே இருக்கலாம் என்ற கேள்விக்கு வருவோம். பள்ளிக்கூடத்துக்கும் புகையிலைக்கும் நடுவே கோடு கிழிக்கும் வேலையைப் பல நாடுகள் செய்து பார்த்துவிட்டன. இந்தியாவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக்கூடாது என்கிறது. மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை, அவ்வளவுதான். பிலிப்பைன்ஸும் அதே 2003இல் 100 மீற்றர் என்று எழுதிக்கொண்டது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2014இல் பாடசாலையிலிருந்து 500 அடிக்குள் புதுக் கடைக்கு அனுமதி இல்லை என்றதோடு, ஒவ்வொரு தொகுதிக்கும் 45 கடைகளே போதும் என்று எண்ணிக்கையையும் கட்டிவைத்தது. நியூசிலாந்தில் 2023 முதல், மின்சிகரட் மட்டும் விற்கும் புதுக் கடை பாடசாலைக்கு 300 மீற்றருக்குள் வர முடியாது.

இலங்கையின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் வேறு வழியில் போனது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலையும் மதுசாரமும் விற்கக்கூடாது என்றது. இந்தியாவில் அந்த வயது 18, ஆகவே இந்த விஷயத்தில் நம் சட்டம் கடுமையானது. விளம்பரத்தையும், இயந்திரம் வைத்து விற்பதையும் அது தடுத்தது. 2016இல் மெல்லும் புகையிலைப் பொருட்களும் புகையிலை கலந்த மின்சிகரட்டும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் தூரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 100 மீற்றர், 500 மீற்றர் என்று எண்கள் கொழும்பில் பேசப்பட்டதுண்டு. மதுக்கடை வைக்க மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சிகரட் விற்க அப்படியொரு தனிப் பத்திரம் கிடையாது. அரிசி விற்கிறவர் அதையும் விற்கிறார்.

சரி, நாளைக்கே 100 மீற்றர் என்று வர்த்தமானியில் வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நோர்வூட்டில் அதை எங்கேயிருந்து அளப்பது?

இந்தியாவில் பள்ளியின் சுற்றுச்சுவரிலிருந்தோ வேலியிலிருந்தோ அளக்கிறார்கள். நம் தோட்டப் பாடசாலைகளில் பலவற்றுக்குச் சுவரும் இல்லை, வேலியும் இல்லை. 1970களில் அரசு பொறுப்பேற்றபோது கட்டடம் வந்தது, எல்லை தெளிவாக வரவில்லை. தேயிலை முடிகிற இடத்தில் பாடசாலை தொடங்குகிறது, பாடசாலை முடிகிற இடத்தில் லயம் தொடங்குகிறது. அப்படியே அளந்தாலும் மலை ஏமாற்றிவிடும். எதிர்ச் சரிவிலிருக்கும் கடை நேர்கோட்டில் 90 மீற்றராக இருக்கும். நடுவில் ஓடை, ஏறி இறங்கிப் போக அரை மணி ஆகும், ஒரு பிள்ளையும் அந்தப் பக்கம் போகாது. 600 மீற்றர் தள்ளி டவுன் சந்தியிலிருக்கும் கடையிலோ பாடசாலையே வந்து நிற்கும். நேர்கோடு முதல் கடையை மூடச் சொல்லும், இரண்டாவதை விட்டுவிடும்.

அப்படியானால் நடைபாதையைக் கணக்கிட்டால் போதுமா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீற்றருக்குள் மதுக்கடை கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. மறு வருடம் கேரளத்தின் வடக்குப் பறவூரில் ஒரு மதுக்கடைக்காரர் கடையை நகர்த்தவில்லை. வாசலுக்கு முன்னால் வளைந்து வளைந்து போகும் ஒரு நடைபாதையைக் கட்டினார், நடக்கும் தூரம் கூடிவிட்டது. மீற்றரை மட்டும் எழுதிவைத்த விதி மீற்றரைத்தான் பெற்றது.

டவுனை விட்டுத் தோட்டத்துக்குள் போனால் சிக்கல் இன்னும் இறுகுகிறது. ஒரு டிவிசனுக்கு ஒரு கடை, அதுவும் லயத்துக் காம்பரா ஒன்றின் முன்பக்கத்தில். மா, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கேதான், கடன் கொப்பியும் அங்கேதான். சாயந்தரம் ஒரு சின்னப் பிள்ளை வந்து, "மாமா, அப்பாவுக்கு ரெண்டு பீடி தரச் சொன்னாரு, கொப்பியில எழுதிக்கிருவீங்களாம்" என்று நிற்கும். யாருக்காக வாங்குகிறது என்று சட்டம் கேட்பதில்லை. 21 வயதுக்குக் குறைந்த கையில் கொடுத்தாலே குற்றம். கடைக்காரருக்கு அந்தப் பிள்ளையின் அப்பனைத் தெரியும், தாத்தனையும் தெரியும். கொடுக்காவிட்டால் மாதக் கடைசியில் கணக்குத் தீர்க்க வருகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பழக்கம் இப்படித்தான், ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், பிள்ளையின் கைக்குப் பீடியைக் கொண்டுவருகிறது.

வெற்றிலையை மறந்துவிட்டுப் புகையைப் பற்றி மட்டும் பேசினால் மலையகத்தைப் பற்றிப் பேசியதாகாது. கொழுந்தெடுக்கும் அம்மாமாரின் மடியில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு பொயிலையும் இருக்கும். குளிருக்கு, அட்டைக்கடி நினைப்பை மறக்க, பசியைத் தள்ளிப்போட என்று அதற்குக் காரணங்கள் உண்டு. பொயிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. இலங்கை ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் வாய்ப்புற்றே. தமிழ்நாட்டில் 'கூல் லிப்' என்ற புகையிலைப் பொட்டலத்தை மாணவர்கள் உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்வது மதுரை உயர் நீதிமன்றக் கிளையைக் கவலைகொள்ள வைத்தது, 2024 செப்டம்பரில். புகை இல்லை, நாற்றம் இல்லை, ஆசிரியருக்குத் தெரிய வழியும் இல்லை. நம் ஊரில் அந்த இடத்தில் பாபுலும் மாவாவும் இருக்கின்றன.

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் இந்த நாட்டில் ஒரு காரியம் நடந்திருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடை கடையாகப் போய்ப் பேசி, வியாபாரிகளே சிகரட்டை நிறுத்திக்கொண்ட ஊர்கள் 2019 அளவில் நூறைத் தாண்டின. முன்னணியில் நின்ற மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று. அந்த ஊர்களில் மீற்றர் கணக்கு எழவில்லை. பரிசோதகர் வந்தார், பேசினார், அடுத்த மாதமும் வந்தார்.

நோர்வூட்டுக்கு இன்று சொந்தமாக ஒரு பிரதேச சபை உண்டு. அம்பகமுவையிலிருந்து பிரிந்து 2018இல் கிடைத்தது. 2023 மார்ச்சில் சபைகள் கலைந்து, 2025 மே 6இல் நடந்த தேர்தலோடுதான் மறுபடி உறுப்பினர்கள் வந்தார்கள். தோட்டத்துக்குள் சபை கைவைக்க முடியாமல் தடுத்துவந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. துணைவிதி எழுதும் அதிகாரமும் சபைக்கு இருக்கிறது. ஆகவே கொழும்பின் வர்த்தமானிக்காகக் காத்திருக்காமல் தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. மழை நாளில் பிள்ளைகள் எந்தெந்தத் தாழ்வாரத்தில் ஒதுங்குகிறார்கள், எந்தச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று பாடசாலைகளைக் கேட்டு ஒரு வரைபடம் போடலாம். அந்தக் கடைகளில் சிகரட் பெட்டி கண்ணில் படாமல் உள்ளே போகட்டும், ஒற்றை விற்பனை நிற்கட்டும், நூலில் தொங்கும் லைட்டர் இறங்கட்டும். பிள்ளைகள் ஒதுங்கி நிற்க ஒரு நல்ல பஸ் தரிப்பிடத்தையும் சபை கட்டித் தரட்டும்.

அடுத்த வாரம்: ஒற்றைச் சிகரட்டை நிறுத்தினால் தோட்டத்துக் கடையின் கல்லாவில் என்ன குறையும்? கடைக்காரர்களின் கணக்கு.