தலைசுற்றலுக்குக் கழுத்தை முறிக்கலாமா?

செம்பனை உயர உயர நம்மவர் கழுத்தும் அண்ணாந்தே கிடக்கிறது. காலை முதல் குலையைப் பார்த்து அரிவாளை இழுப்பவர்களுக்குக் கழுத்து இறுகிப் போவதில் வியப்பில்லை. சுங்கை பட்டாணிப் பக்கம் தோட்டத் தோழர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "அண்ணே, தலையைத் திருப்பினா கிறுகிறுன்னு வருது. முடி வெட்டுற கடையில ஒரு சொடுக்கு எடுத்தா சரியாயிடும்."

வேண்டாம் என்று தடுத்தோம். கழுத்தெலும்புகளின் ஊடே மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய்கள் ஓடுகின்றன. வெடுக்கென்று முறுக்கினால் அவை கிழிந்து பக்கவாதம் வரலாம்.

முதலில் டாக்டரைப் பாருங்கள். இரத்த அழுத்தம், இரத்தச் சோகை, காதுக் கோளாறு இவற்றாலும் தலை சுற்றும். அவை இல்லை, கழுத்துதான் காரணம் என்று தெரிந்தால் பிசியோதெரப்பி உண்டு. பயிற்சி பெற்றவர் கழுத்து மூட்டுகளை மெல்ல அழுத்தி அசைத்துக் கொடுப்பார். ஆஸ்திரேலியாவில் 86 பேரைக் கொண்டு நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த முறையால் தலைசுற்றல் குறைந்தது. 12 வாரம் கழிந்தும் அந்தக் குணம் நின்றது.

பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கக் கைகால் மரத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

"எம்.சி. எடுத்தா சம்பளம் போயிடுமே" என்று தயங்காதீர்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்று கொடுத்தால் சேவைக் காலத்துக்கேற்ப ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. கிறுகிறுப்போடு அரிவாளைத் தூக்காதீர்கள். சான்றை ஏற்க மறுத்தால் சங்கக் கிளையில் வந்து சொல்லுங்கள்.