சேற்றிலிருந்து வரும் காய்ச்சல்

காய்ச்சல் வந்தால் இரண்டு பெனடோல், இறங்காவிட்டால் டிஸ்பென்சரி மருந்து. இதுதான் நம்ம வழக்கம். ஆனால் இறங்காத காய்ச்சல் எல்லாம் டெங்கு, எலிக்காய்ச்சல் என்று நினைத்து இருந்துவிடக்கூடாது. மெலியோய்டோசிஸ் என்றொரு நோயும் நமது நாட்டில் உண்டு.

இலங்கையில் இது முதன்முதலில் 1927இல் ஓர் ஐரோப்பியத் தேயிலைத் தரகரிடம் கண்டறியப்பட்டது. 2015ஆம் ஆண்டு இறுதியில் பெய்த கடும் மழைக்குப் பின் மட்டக்களப்புப் பகுதியில் ஒரே காலத்தில் பலரைத் தாக்கியது. வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல் பக்கம் உறவினர் உள்ளவர்களும் அங்கே வேலைக்குப் போய்வருபவர்களும் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

எப்படி வருகிறது?

இந்தக் கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. காலில் உள்ள வெட்டுக்காயம், பித்தவெடிப்பு வழியாக உடம்புக்குள் போகும். கொதிக்காத நீரைக் குடிப்பதாலும், கடும் மழைக்காற்றில் மூச்சு வழியாகவும் வரலாம். சாதாரணமாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆகவே நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டாம்.

சீனி வியாதி உள்ளவர்களுக்கே ஆபத்து மிக அதிகம். சிறுநீரக நோயாளரும் அதிகம் குடிப்பவரும் கவனமாக இருக்க வேண்டும்.

அறிகுறிகள் என்ன?

விடாத காய்ச்சல், இருமல், நெஞ்சு வலி, ஆறாத சீழ்க்கட்டி, மூட்டு வீக்கம். ஈரலிலும் மண்ணீரலிலும்கூட சீழ் பிடிக்கும். சிலருக்கு மாதக்கணக்கில் இழுத்து, உடம்பு மெலிந்து, சயரோகம் போலவே தெரியும். அதனால்தான் பலமுறை தவறிப்போகிறது. இரத்தத்தையோ சீழையோ ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும்.

எனவே டொக்டர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்: "ஐயா, எனக்குச் சீனி இருக்கு. போன மாசம் சேத்துல வேலை செஞ்சேன்." இந்த ஒரு வார்த்தை உயிரைக் காக்கலாம்.

சிகிச்சை உண்டா?

உண்டு. முதலில் வைத்தியசாலையில் தங்கி, குறைந்தது 10 முதல் 14 நாட்கள் செஃப்டசிடிம் அல்லது மெரோபெனம் மருந்தை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். பிறகு வீட்டில் கோட்ரைமொக்சசோல் மாத்திரை, குறைந்தது 3 மாதம். காய்ச்சல் விட்டதும் "இனி எதுக்கு மாத்திரை" என்று நிறுத்துவதுதான் பெரிய பிழை. நோய் திரும்பி வரும், உயிரையும் பறிக்கும்.

தடுப்பூசி இன்னும் இல்லை. வயலில் இறங்கும்போதும் கான் வெட்டும்போதும் பூட்ஸ் போடுங்கள். காயத்தை மூடிக் கட்டுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கொதித்தாறிய நீரையே குடியுங்கள். சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள்.