பாட்டியின் பாட்டு போனுக்குப் போன கதை

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டுகள் இருக்கின்றனவா? அவற்றைக் கைப் போனுக்கு மாற்ற முயன்று, ஒரு மணி நேரம் மல்லாடி, "போ, எனக்குப் பாட்டும் வேண்டாம், கூத்தும் வேண்டாம்!" என்று எழுந்து போனதுண்டா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

சென்ற பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்னால் திருவண்ணாமலையிலிருந்து என் அத்தை போன் செய்தாள்.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் யோசனை எழுதறியே, இந்த வீட்டுக்கு ஒரு யோசனை சொல்லக் கூடாதா? உங்க பாட்டி பாட்டு கம்ப்யூட்டர்லே இருக்கு. போனுக்குப் போக மாட்டேங்குது. இந்தப் பௌர்ணமிக்குக் கேட்டுக்கிட்டே மலை சுத்தலாம்னு பார்த்தேன்."

பாட்டி பாட்டு என்றவுடன் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மறு நாளே பஸ் ஏறி விட்டேன்.

எங்கள் பாட்டி கச்சேரி வித்வாம்ஸினி அல்ல. மார்கழி மாதம் விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டே திருவெம்பாவை பாடுவாள். மாணிக்கவாசகர் அந்த 20 பாட்டுகளையும் திருவண்ணாமலையில்தான் பாடினார் என்பது ஐதிகம். "நம்ம ஊர்ப் பாட்டை நாமே பாடாவிட்டால் யார் பாடுவார்?" என்பாள் பாட்டி. 1980-களில் யாரோ அவள் பாடியதை இரண்டு காஸெட்டுகளில் பிடித்து வைத்தார்கள். பிற்பாடு அவை எம்.பி.3 ஆக மாறிக் கம்ப்யூட்டருக்குள் குடியேறின. பாட்டி போய்ப் பல வருஷங்கள் ஆகி விட்டன. குரல் மட்டும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

வரிசை தவறக் கூடாது

அத்தை வீடு திருமஞ்சன கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. நான் போன போது அத்தை, அவள் பேரன், பக்கத்து வீட்டு அம்மாள் மூவரும் கம்ப்யூட்டரைச் சூழ்ந்து நின்று மூன்று விதமாக யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கிரிவலம் வந்தவர்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டர் பாதையில் எட்டுத் திக்குக்கு எட்டு லிங்கங்கள். இந்திர லிங்கத்தில் தொடங்கினால் அக்கினி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், கடைசியில் ஈசானியம். குறுக்கே மலையைத் தாண்டிக் குதிப்பவர் கிடையாது. யந்திரத்தில் கோளாறு பார்ப்பதும் அப்படித்தான். எளியதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஒரே சமயத்தில் நான்கு பொத்தான்களை அமுக்கினால், சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. கெட்டாலும் எதனால் கெட்டது என்று தெரியாது.

முதலில் கம்பி

அத்தையின் போன் ஓர் ஐபோன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், தான் புதிது வாங்கியதும் பழையதை அம்மாவுக்குக் கொடுத்திருந்தான். கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறியது. ஆனால் கம்ப்யூட்டர் போனைக் கண்டுகொள்ளவே இல்லை.

"சார்ஜ் ஏறுதே, கம்பி நல்லாத்தானே இருக்கு?" என்றாள் அத்தை. நம்மில் முக்கால்வாசிப் பேர் ஏமாறும் இடம் இதுதான். சாதாரண யு.எஸ்.பி. கேபிளுக்குள் இரண்டு இழைகள் மின்சாரத்துக்கு. வேறு இரண்டு இழைகள் செய்திக்கு. மலிவான சில கேபிள்களில் செய்தி இழைகளே இருப்பதில்லை. தண்ணீர்க் குழாயில் தபால் வருமா? அதே கதைதான். மகன் போனோடு கொடுத்திருந்த கேபிளை அலமாரியிலிருந்து தேடி எடுத்து மாட்டினோம். உடனே போனில் ஒரு கேள்வி எழுந்தது: "இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?"

"யார் என்ன கேட்டாலும் வேண்டாம்னு சொல்லுன்னு பிள்ளை சொல்லியிருக்கான்" என்றாள் அத்தை. நல்ல புத்திமதிதான்! ஊர் பேர் தெரியாத கம்ப்யூட்டரானால் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் சொந்த வீட்டுக் கம்ப்யூட்டரிடம் "டிரஸ்ட்" என்று சொல்லாவிட்டால் போன் கதவைத் திறக்காது. போனின் ரகசிய எண்ணைப் போட்டு அனுமதி கொடுத்தோம். ஒரு படி தாண்டியாயிற்று.

விலாசம் உண்டு, வீடு இல்லை

அத்தையின் கம்ப்யூட்டர் விண்டோஸ் வகை. அதில் ஐடியூன்ஸ் என்ற மென்பொருள் இருந்தது. 2001-ஆம் வருஷம் ஜனவரியில் ஆப்பிள் கம்பெனி வெளியிட்ட பழைய பேர்வழி அது. திறந்து பார்த்தால் பாட்டியின் பாட்டுகள் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன; ஆனால் பலவற்றின் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி!

சகோதரிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். ஐடியூன்ஸில் நாம் பார்ப்பது பாட்டு அல்ல, பாட்டின் விலாசம். "இன்ன பாட்டு இன்ன அறையில் இருக்கிறது" என்று எழுதி வைத்த கணக்குப் புத்தகம்தான் அது. பாட்டு வேறு எங்கோ ஒரு ஃபோல்டரில் இருக்கிறது. அந்த ஃபோல்டரை யாராவது இடம் மாற்றினாலோ, பெயரை மாற்றினாலோ, புத்தகத்திலுள்ள விலாசம் பொய்யாகி விடும். போனுக்கு அனுப்ப நேரும்போது, வீட்டில் ஆள் இல்லை என்று தபால்காரர் திரும்பி வருவார். அதைத்தான் ஆச்சரியக்குறி சொல்கிறது.

"யாருடா இடம் மாத்தினது?" என்றேன். பேரன் தலையைச் சொறிந்தான். லீவில் கம்ப்யூட்டரை 'நீட்'டாக்குகிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் 'பழசு' என்ற ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கிறான்! நல்ல வேளையாக அழிக்கவில்லை. ஆச்சரியக்குறி போட்ட பாட்டைத் திறந்தோம். "தேடிப் பார்க்கட்டுமா?" என்று அது கேட்டது. "லொகேட்" என்று சொல்லிப் புது இடத்தைக் காட்டினோம். ஒன்றைக் காட்டியதும் அதே ஃபோல்டரில் இருந்த மற்றவற்றையும் தானே தேடிக்கொண்டது.

இனி இப்படி நேராமல் இருக்க ஒரு வழி உண்டு. ஐடியூன்ஸில் "கன்ஸாலிடேட் ஃபைல்ஸ்" என்று ஒரு வசதி இருக்கிறது. அதைச் செய்தால், சிதறிக் கிடக்கும் பாட்டுகளுக்கெல்லாம் ஒரு பிரதி எடுத்து ஒரே ஃபோல்டரில் அடுக்கி விடும். பிறகு அந்த ஃபோல்டரை மட்டும் யாரும் தொடாமல் இருந்தால் போதும்.

நில்! அமுக்காதே!

"ஸிங்க் மியூஸிக்" என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். உடனே திரையில் ஓர் அறிவிப்பு. இந்தப் போன் வேறொரு நூலகத்தோடு இணைந்திருக்கிறது. அதை அழித்து விட்டு இதனோடு இணைக்கட்டுமா என்பது அதன் சாரம். கீழே இரண்டு பொத்தான்கள்: ஒன்று "கான்ஸல்", மற்றது "இரேஸ் அண்ட் ஸிங்க்".

"அமுக்கு, அமுக்கு! அதான் பாட்டு ஏத்தற பொத்தான்!" என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள்.

என் விரல் போய் விட்டது. என்ன தோன்றிற்றோ, சட்டென்று நிறுத்தி, "அத்தை, இந்தப் போனில் இப்போது என்ன பாட்டு இருக்கிறது?" என்று கேட்டேன்.

"எல்லாம் பிள்ளை போட்டது. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். இவன் பொறந்தப்போ உங்க பாட்டி தாலாட்டுப் பாடினாளே, அது."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. ஐபோனுக்கு ஒரு சட்டம் உண்டு. அது ஒரு சமயத்தில் ஒரே கம்ப்யூட்டரின் பாட்டு நூலகத்தோடுதான் இணையும். புதிய நூலகத்தோடு இணைத்தால், பழைய நூலகத்திலிருந்து வந்த பாட்டுகள் நீங்கி விடும். சரி, தாலாட்டு மகனின் லாப்டாப்பில் இருக்கும் அல்லவா என்று அவனுக்குப் போன் போட்டேன்.

"அந்த லாப்டாப் போன வருஷமே செத்துப் போச்சு அக்கா. அந்தப் பாட்டு அம்மா போன்லேதான் இருக்கு."

உலகத்தில் அந்தத் தாலாட்டுக்கு இருந்தது அந்த ஒரே ஒரு பிரதி! ஒரு பொத்தானை அமுக்கியிருந்தால் அதுவும் இல்லை.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஸிங்க் பாட்டுகளைப் பொறுத்த மட்டில் ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குப் போகும்; நாமே பதிவு செய்த பாட்டு போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு அவ்வழியில் திரும்பாது. போனை "பாக்கப்" எடுத்தாலும் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றிய பாட்டுகள் அதில் சேராது. ஆகவே, "போனில்தான் இருக்கிறதே" என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

போனிலிருந்து பாட்டை வெளியே எடுப்பதற்கென்றே தனி மென்பொருள்கள் உண்டு. பெங்களூரிலிருந்து தம்பி சொல்லச் சொல்ல, அப்படி ஒன்றைப் போட்டுத் தாலாட்டைக் கம்ப்யூட்டரில் இறக்கினேன். திறந்து கேட்டோம். பாட்டியின் குரல் கொஞ்சம் நடுங்கிற்று. நடுவில் குழந்தை சிணுங்கும் சப்தம். "அது நானா?" என்றான் பேரன். அத்தை பதில் சொல்லாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு தாலாட்டையும் திருவெம்பாவையையும் ஒரு பென் டிரைவில் ஏற்றினோம். இன்னொரு பிரதி இணையம் வழியாகப் பெங்களூருக்குப் போயிற்று. அதற்கப்புறந்தான் அந்தப் பொத்தானை அமுக்கினேன். இரண்டு காஸெட்டுகளும் தாலாட்டுமாகச் சில நிமிஷங்களில் போனுக்குள் போய்ச் சேர்ந்தன.

உங்கள் வீட்டில் எப்படி?

ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருக்குமாதலால் இன்னும் சில குறிப்புகள்:

மாக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஐடியூன்ஸைத் தேட வேண்டாம். 2019-இல் வந்த காடலினா முதல் அங்கே அது கிடையாது. போனை மாட்டிய பின் "ஃபைண்டர்" ஜன்னலின் ஓரத்தில் போனின் பெயரைப் பாருங்கள். விண்டோஸில் புதிய "ஆப்பிள் மியூஸிக்" போட்டிருந்தால், ஸிங்க் செய்யும் வேலை "ஆப்பிள் டிவைஸஸ்" என்ற தனி மென்பொருளுக்குப் போய் விட்டது.

ஆப்பிள் மியூஸிக்குக்கு மாதச் சந்தா கட்டுகிறவர்கள், போனில் "ஸிங்க் லைப்ரரி" என்பது போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இருக்கும் வரையில் கேபிள் வழியாகப் பாட்டு ஏறாது. அதை அணைத்தால் சந்தாவில் இறக்கிய பாட்டுகள் போனிலிருந்து நீங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பாட்டு எந்த வகை என்பதும் முக்கியம். 'ஃப்ளாக்' என்ற வகையை ஐடியூன்ஸ் ஏற்காது, எம்.பி.3 ஆனால் வம்பில்லை. இடத்தைப் பற்றிப் பயமும் வேண்டாம். சாதாரண 128 கிலோபிட் எம்.பி.3 நிமிஷத்துக்குச் சுமார் ஒரு மெகாபைட்தான். ஒரு மணி நேரக் காஸெட்டு 60 மெகாபைட்டுக்குள் அடங்கி விடும்.

ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். கேபிளை மாட்டியதும் போனின் மேல் பக்கத்து அறிவிப்பில் "சார்ஜ் மட்டும்" என்பதை "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்று மாற்றி, பாட்டுகளை "மியூஸிக்" ஃபோல்டருக்குள் காப்பி செய்து விட்டால் தீர்ந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. "அழி" என்று பொருள்படும் எந்தச் சொல் திரையில் வந்தாலும், கையை எடுத்து விடுங்கள். அழியப் போவது என்ன, அதற்கு வேறு பிரதி எங்கே என்று கேளுங்கள். சினிமாப் பாட்டு போனால் இன்னொரு இடத்தில் கிடைக்கும். உங்கள் பாட்டியின் குரலை எந்தக் கடையில் வாங்குவீர்கள்? இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு மணி நேரம் ஒதுக்கி, வீட்டிலுள்ள குரல்களுக்கு மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள்.

பௌர்ணமி இரவு அத்தையோடு நானும் மலை சுற்றினேன். ஆளுக்கொரு காதில் இயர்போன். குபேர லிங்கத்தைத் தாண்டும்போது திருவெம்பாவை முடிந்து தாலாட்டு ஆரம்பமாயிற்று.

"என்ன அத்தை, நடக்கிற போது தாலாட்டா? தூக்கம் வந்து விடப் போகிறது!" என்றேன்.

"வந்தா வரட்டும். அம்மா பாடறா" என்றாள் அத்தை.