அளவியில் அடங்கும் முரல்வு: தாழ் அதிர்வெண் தொழிலக இரைச்சலும் இந்திய ஒலி விதிகளும்

குடியிருப்பை ஒட்டிய ஆலையின் இரைச்சல் குறித்துப் புகார் எழும்போது, அளவீடு வரம்புக்குள் அடங்கிவிடுவதும் வீட்டிலுள்ளோர் உறக்கமின்றித் தவிப்பதும் ஒருங்கே நிகழக்கூடும். அளப்பவர் பிழை செய்யாத இடத்தும் இம்முரண் தோன்றுவதற்கு அளவீட்டு முறையே காரணமாகலாம் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிடுகின்றன. இவ்வெண்கள் ‘ஏ’ அளவுகோலில் அமைந்தவை. தாழ்ந்த ஒலிகளை மனிதச் செவி மந்தமாகவே உணர்வதால், இவ்வளவுகோல் 100 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 19 டெசிபலும் 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலும் கழித்துக் கணக்கிடுகிறது. ஆனால், செவியின் அம்மந்தம் மெல்லிய ஒலிகளிடத்தே மிகுதி. ஒலி வலுக்க வலுக்க அது குறையும். அளவுகோலோ எல்லா வலிமைக்கும் ஒரே கழிவையே கொள்கிறது.

கம்ப்ரசர் ஒன்றின் 50 ஹெர்ட்ஸ் முரல்வு, வீட்டின் வெளிச்சுவரருகே 70 டெசிபல் எனக் கொள்வோம். ‘ஏ’ அளவுகோலில் அது 40 மட்டுமே. ஆகவே விதிமீறல் இல்லை. சுவர் 15 டெசிபலைத் தடுப்பினும் அறைக்குள் 55 எஞ்சும். இதே அதிர்வெண்ணுக்கு அறையினுள் சுவீடன் வகுத்துள்ள வழிகாட்டு மதிப்பு 43. சன்னலை அடைப்பதும் பெரிதும் உதவாது: உயர் அதிர்வெண் ஒலிகள் தடைபட, அவற்றால் மறைந்திருந்த முரல்வே தனித்துக் கேட்கும். மேலும், இவ்வொலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர்; சுவர்களில் எதிரொலித்து, அறையின் நடுவில் தணிந்தும் மூலைகளில் வலுத்தும் நிற்கும். அளவியை எங்கே வைப்பது என்பதும் முடிவை மாற்றிவிடுகிறது.

வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறும்போது புகாரளிக்கலாம் என 7ஆம் விதி கூறுகிறது. நம் கம்ப்ரசர் இரவில் அந்நிலையை எட்ட 85 டெசிபல் முழங்க வேண்டும்!

சுவீடன் 31.5 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு பட்டைக்கும் தனி மதிப்பு வகுத்துள்ளது. டென்மார்க் 10 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டும் பிரித்தெடுத்து, வீடுகளுக்குள் இரவில் 20 டெசிபல் என்னும் பரிந்துரை மதிப்போடு ஒப்பிடுகிறது. ஜெர்மனியின் 1997ஆம் ஆண்டுத் தரநிலையோ, தாழ் ஒலியை ஏறக்குறைய முழுமையாகவே கணக்கில் கொள்ளும் ‘சி’ அளவுகோலுக்கும் ‘ஏ’ அளவுகோலுக்கும் இடையிலான வேறுபாடு 20 டெசிபலைத் தாண்டினால் மேலாய்வு தேவை என்கிறது. நம் எடுத்துக்காட்டில் அவ்வேறுபாடு ஏறத்தாழ 29.

இந்தியச் சூழலில் முதலில் கைக்கொள்ளத்தக்கது இம்மூன்றாவது முறையே என்பது கட்டுரையாளர் கருத்து. தரமான ஒலி அளவிகளில் இவ்விரு அளவுகோல்களும் ஏற்கெனவே உள்ளன. புதிய கருவி வேண்டியதில்லை. எனினும், மொத்த ஒலியே மிகத் தாழ்ந்திருக்கும் இடத்தில் இவ்வேறுபாடு பொருளற்றதாகிவிடும். ஆதலின் அது ஆய்வைத் தொடங்குவதற்கான அறிகுறியாகலாம். ஆலை மீது நடவடிக்கை எடுப்பதற்குப் பட்டைவாரியான உள்ளறை அளவீடே சான்றாக வேண்டும்.