திரைவழி வந்த ஸ்பானியம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வாழும் நம் தங்கை மகளின் இல்லத்தில், சில ஆண்டுகளுக்கு முன், ஆறு வாரம் தங்கியிருந்தோம். அவ்வீட்டுப் பேத்தி அப்போது பத்தாம் வகுப்பு மாணவி. அம்மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற விரும்புவோர், ஆங்கிலமல்லாத ஏதேனும் ஒரு மொழியில் இரண்டு ஆண்டுப் பாடம் முடித்திருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. அவள் ஸ்பானியத்தைத் தேர்ந்தாள். முதலாண்டைப் பள்ளி வகுப்பறையிலேயே முடித்தாள். இரண்டாமாண்டு வகுப்பு, இசைக்குழுப் பயிற்சி நேரத்தோடு மோதியது. ஆகவே அந்த ஒரு பாடத்தை மட்டும் இணையவழிப் பயிலத் தொடங்கினாள். மாலைச் சிற்றுண்டி முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினிமுன் அமர்வாள். மொழியியலில் காலங்கழித்த ஒருவர் அதை அருகமர்ந்து பாராமல் இருத்தல் இயலுமா? அன்று கண்டவையும் பின்னர்த் தேடிப் படித்தவையுமே இவ்வுரைக்கு அடிப்படை.

இணையவழிப் பள்ளி நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1929ஆம் ஆண்டிலேயே அஞ்சல்வழி உயர்நிலைப் பள்ளிப் பாடங்களை நடத்தத் தொடங்கியது. ஊர்கள் சிறியவை, ஆசிரியர் சிலர், லத்தீனோ உயர் கணிதமோ கற்க விரும்பும் மாணவர் ஊருக்கு இருவர் மூவரே. அவர்களுக்காகத் தனியாசிரியரை அமர்த்த எந்தப் பள்ளியாலும் இயலவில்லை. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 1951இல் வானொலிவழிப் பள்ளி தோன்றியதும் இதே காரணத்தால்தான். இணையம் பரவியபின், 1997இல் ஃபுளோரிடா மாநிலம் அரசு சார்ந்த இணையவழி உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கியது. 2006இல் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகமும் அத்தகைய பள்ளி ஒன்றை நிறுவியது. அதே ஆண்டில் மிச்சிகன் மாநிலம் ஒருபடி மேலே சென்று, ஒவ்வோர் உயர்நிலை மாணவரும் இணையவழிக் கற்றல் அனுபவம் ஒன்றைப் பெற்றாக வேண்டுமெனச் சட்டமியற்றியது. அஞ்சல், வானொலி, இணையம் என ஊர்தி மாறியதே தவிர, தொடக்கத்தில் இருந்த தேவை ஒன்றுதான்: கற்போர் சிலராய்ச் சிதறியிருக்கும் இடத்திற்கு ஆசிரியரைக் கொண்டுசேர்த்தல்.

இங்கு ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். 2020இல் மார்ச்சு மாதம் மலேசியாவிலும் ஏப்ரல் மாதம் சிங்கப்பூரிலும் பள்ளிகள் மூடப்பட்டு, நம் ஆசிரியர்கள் ஒரே இரவில் திரைமுன் நிறுத்தப்பட்டனர். அது வெள்ளத்தில் கட்டிய பரிசல். அதனை வைத்து இணையவழிக் கல்வியை எடைபோடுவோர் பலர். ஆனால் பேத்தி பயின்றதோ, பல மாதம் திட்டமிட்டு எழுதப்பட்ட பாடம். இரண்டையும் ஒரே தராசில் வைத்தல் தகாது.

அதன் நடைமுறை எளிது. பாடம் அலகு அலகாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அலகிலும் உரையாடல் ஒலிப்பதிவு, சொற்பட்டியல், இலக்கணக் குறிப்பு, பயிற்சி ஆகியவை உண்டு. மாணவி தன் குரலைப் பதிவுசெய்து அனுப்புவாள். ஆசிரியர் ஓரிரு நாளில் திருத்தக் குறிப்பு எழுதுவார். அலகின் முடிவில் ஆசிரியரோடு தொலைபேசியில் சிறிது நேரம் பேசித் தேற வேண்டும். விரைந்து கற்போர் விரைந்து செல்லலாம்; தயங்குவோர் ஒரே பதிவைப் பத்துமுறை கேட்கலாம். வகுப்பறையில் 'இன்னொருமுறை சொல்லுங்கள்' என்று பத்தாம்முறை கேட்க எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்? இது சிறிய நன்மையன்று.

கணிதம், வரலாறு முதலிய பாடங்களுக்கு இம்முறை பெரிதும் ஒத்துவருகிறது. ஆய்வுக்கூடம் வேண்டும் அறிவியலுக்கு ஓரளவே. அவற்றைக் கூற நாம் தகுதியுடையோம் அல்லோம். மொழியைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு மாலை அவள் முகம் சுளித்தாள். 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்பதை ஸ்பானியத்தில் 'மெ குஸ்தா எல் மாங்கோ' என்பர். ஆங்கிலம் வழியே எழுதப்பட்ட பாடக்குறிப்பு, இதனை ஒரு விந்தையாகக் காட்டி, 'மாம்பழம் எனக்கு இன்பமூட்டுகிறது' என்னும் பொருள்படத் தலைகீழாக்கிச் சிந்திக்கப் பணித்திருந்தது. நான்கைந்து பயிற்சிகளில் அவள் தவறினாள். "உன் அம்மாவிடம் மாம்பழம் கேட்கும்போது என்ன சொல்வாய்?" என்றோம். "எனக்கு மாம்பழம் பிடிக்கும்னு சொல்வேன், தாத்தா" என்றவள், சட்டென நிறுத்தித் திரையைப் பார்த்தாள். 'எனக்கு' என்பது நான்காம் வேற்றுமை. 'மெ' என்பதும் அவ்விடத்தில் அதே பணியைச் செய்கிறது. எழுவாய் மாம்பழமே. பழம் பலவானால் வினையும் பன்மை ஏற்று 'மெ குஸ்தான் லோஸ் மாங்கோஸ்' ஆகும். தமிழில் 'பிடிக்கும்' என்னும் வினைமுற்று எண் காட்டாது. ஆயினும் 'அக்கதை எனக்குப் பிடித்தது, அக்கதைகள் எனக்குப் பிடித்தன' என்னுமிடத்தில் அந்த இயைபு வெளிப்படையாகத் தெரியும். அதன்பின் அவள் அவ்வலகில் தவறவில்லை.

இத்தகைய பாலங்கள் இன்னும் பல. ஸ்பானிய வினை தன் ஈற்றிலேயே இடத்தைக் காட்டும்: 'அப்லோ' பேசுகிறேன், 'அப்லாஸ்' பேசுகிறாய். எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் நிறைவுறும். 'தூ', 'உஸ்தெத்' என்னும் வேறுபாடு 'நீ', 'நீங்கள்' அறிந்த பிள்ளைக்கு விளக்கமே வேண்டாதது. 'சென்யோர்' என்பதன் நடுவிலுள்ள ஒலி நம் ஞகரத்திற்கு நெருங்கிய உறவு. 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெர்ரோ' என்றால் 'நாய்'. இடையின ரகரமும் வல்லின றகரமும் பொருளைப் பிரிக்கும் மொழியில் வளர்ந்தோர்க்கு, இவ்விணை வேறு என்னும் உணர்வாவது விரைவில் வரும். நாகர்கோவில் பக்கத்தாருக்கு நாவும் வரும். இதற்கு மறுபுறமும் உண்டு. கேட்போரை உட்படுத்தும் 'நாம்', விலக்கும் 'நாங்கள்' என்னும் பிரிவு ஸ்பானியத்தில் இல்லை. 'நொசோத்ரோஸ்' ஒன்றே இரண்டுக்கும். (உரையாற்றுவோர் தம்மை மட்டும் 'நாம்' என்பது இரண்டிலும் அடங்காத வேறு வழக்கம்; பொறுத்தருள்க.)

பாலம் சில இடங்களில் உடைவதையும் சொல்லியாக வேண்டும். 'இரு' என்பதற்கு ஸ்பானியத்தில் 'செர்', 'எஸ்தார்' என இரு வினைகள் உள. 'அவர் ஆசிரியர்' என வினையின்றித் தமிழில் முடிவதெல்லாம் 'செர்', 'அவர் வீட்டில் இருக்கிறார்' என்பதெல்லாம் 'எஸ்தார்' என்று பேத்திக்கு ஒரு சூத்திரம் கற்பித்தோம். மறுநாளே அது பொய்த்தது. 'அவள் உயரமாக இருக்கிறாள்' என்பதற்குச் 'செர்' தான் வரும். "உங்கள் ரூல் தப்பு, தாத்தா" என்றாள். ஒப்பிலக்கணம் வாயிலைத் திறக்கும். வீட்டுக்குள் நடப்பதை அந்தந்த மொழியிடமே கேட்டறிய வேண்டும்.

பாடம் எழுதியோர் மீது நமக்குக் குறையில்லை. ஆயிரக்கணக்கானோர்க்காக எழுதும் பாடம், ஆங்கிலம் மட்டும் அறிந்த ஒரு மாணவரைக் கற்பனை செய்துகொண்டே எழுதப்படும். திரைக்குப் பின்னால் எந்த வீட்டு மொழி ஒலிக்கிறது என்பதை அது அறியாது. அருகிருக்கும் ஆசிரியரால் அறிய முடியும். அறிந்தும் பயன்படுத்தாதவர் உண்டு என்பது வேறு.

இனி, நம்மை மிகவும் உறுத்திய நிகழ்ச்சி. டெக்சஸில் நான்கில் ஒருவருக்கு மேல் வீட்டில் ஸ்பானியம் பேசுவோர். ஒருநாள் ரொட்டிக் கடை ஒன்றில், பேத்தி தனக்கு வேண்டியதை அழகிய ஸ்பானியத்தில் கேட்டாள். கடைக்கார அம்மையார் மகிழ்ந்து, "ஆல்கோ மாஸ்?" என்றார். 'வேறு ஏதாவது?' என்பது அதன் பொருள். இரண்டு சொல்லும் அவளுக்குத் தெரியும். பயிற்சியில் முழு மதிப்பெண் பெற்ற சொற்கள். ஆயினும் திகைத்து நின்றாள். வீடு திரும்புகையில், "கம்ப்யூட்டர்ல நான் அமுக்கினால்தானே குரல் வரும்" என்றாள். எதிர்பாராமல் வரும் பேச்சை அவள் காது சந்தித்ததே இல்லை. நெடுங்காலமாக நடந்துவரும் உயர்நிலை ஸ்பானியத் தேர்விலேயே உரையாடல் பகுதி என்பது, பதிவுசெய்த குரலுக்கு ஐந்துமுறை, முறைக்கு 20 வினாடி, விடை கூறுவதுதான். நாம் என்ன கூறினாலும் அக்குரலின் அடுத்த வினா மாறாது. அதனை உரையாடல் என்று அழைக்க நம் மனம் ஒப்பவில்லை.

ஆனால் பழி முழுவதையும் திரைமேல் போடுதல் நேர்மையாகாது. அமெரிக்கப் பள்ளிக் கணக்கில் ஓராண்டுப் பாடம் என்பது மரபாக 120 மணி நேரம், ஈராண்டுக்கு 240. அந்நாட்டு வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையமோ, ஆங்கிலம் பேசும் பெரியவர் ஸ்பானியத்தில் தொழில்முறைத் தேர்ச்சி பெற ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், தமிழுக்கு ஏறத்தாழ 1100 மணி நேரமும் கணக்கிடுகிறது. ஆகவே நேரில் கற்ற பிள்ளைகளும் அந்தக் கடையில் திகைத்திருக்கக்கூடும். வகுப்பறையில் 30 பேர் இருந்தால் ஒருவர் வாய் திறக்கும் நேரம் எவ்வளவு? அவள் ஆசிரியரோடு தனியே தொலைபேசியில் பேசிய சில நிமிடங்களே, அவ்வாண்டில் அவள் உண்மையாகப் பேசிய ஸ்பானியம்.

அத்தொலைபேசி அழைப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. மொழிபெயர்ப்புப் பொறி எழுதித் தந்த கட்டுரையை, தேர்ந்த ஆசிரியர் படித்தவுடன் ஐயுறுவார். கற்பிக்காத காலவடிவம் ஒன்று அதில் வந்து நிற்கும். இரண்டு வினாக் கேட்டால் ஐயம் தீரும். நம் தமிழாசிரியர்களுக்கும் இத்தொல்லை இப்போது வந்துவிட்டது.

இவையெல்லாம் நமக்கு எதற்கு எனலாம். மலேசியாவில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால்தான் தமிழ் வகுப்பு அமைக்க வழியுண்டு. பதினான்கு பேர் உள்ள இடைநிலைப் பள்ளியிலும், நால்வர் மட்டும் உள்ள பள்ளியிலும் அப்பிள்ளைகளுக்கு அந்த வாயில் அடைபடுகிறது. எஸ்பிஎம் தேர்வில் தமிழ் எழுத விரும்புவோர் வெளியே தனிவகுப்புத் தேட வேண்டியிருக்கிறது. நெப்ராஸ்காவின் சிற்றூர்களில் 1929இல் இருந்த நிலை இதுவே. நான்கு பள்ளிகளில் சிதறிய பதினாறு பிள்ளைகளை ஓர் ஆசிரியரின் திரைமுன் கூட்டுதல் இன்று அரிய செயலன்று.

அவ்வாறு ஒன்றைத் தொடங்குவோர், எழுத்துப் பயிற்சியையும் இலக்கணத்தையும் பதிவுசெய்த பாடத்திற்கு விட்டுவிடலாம். நேரடி வகுப்பு நேரத்தைச் செய்யுள் விளக்கத்தில் செலவிடாமல், பிள்ளைகளை மூவர் மூவராகப் பிரித்து, அவர்கள் எதிர்பாராத வினாக்களைத் தமிழில் கேட்க வைத்திருக்க வேண்டும். வாரத்திற்கு ஒரு மாணவரிடம் பத்து நிமிடமாவது ஆசிரியர் தனித்துப் பேச வேண்டும். பதினாறு பேருக்கு அது மூன்று மணி நேரத்திற்குள் அடங்கும். அந்த மூன்று மணி நேரத்தை ஆசிரியரின் பணிக்கணக்கில் சேர்த்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குவது நன்று.